‘பின்னால் இரண்டு எட்டு வா’ என்றேன்

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்கு நான்கு நாட்கள் முன்பு, இரவு ஏழு இருபதுக்கு என் மகள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஏழு இருபத்தொன்றுக்கு இல்லை. நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. பைனாகுலரைக் கண்ணில் வைப்பதற்கு முன்பு அவள் ஒவ்வொரு முறையும் நோட்டில் மணியைக் குறித்துக்கொள்வாள். அன்றைய பக்கத்தில் 7.20 என்பதற்குப் பிறகு ஒன்றும் எழுதப்படவில்லை.

இடம், வல்லத்திராக்கோட்டைக்கு அந்தப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கண்மாய். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர். அவர்களில் பெரும்பாலோர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதை எழுதும் இந்த நிமிடமும் எனக்குப் பாதி பயம், பாதி கோபம். பயம் நாளாக நாளாகக் குறைந்துவிடும் என்கிறார்கள். கோபமும் அதோடு சேர்ந்து குறைந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதி வைக்கிறேன்.

நான் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்த மாதிரிகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில். ஒரே மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். அவளுக்கு வானத்தின் மேல் அப்படி ஒரு பித்து. அதிலும் எல்லோருக்கும் தெரிந்த நட்சத்திரங்கள் போதாது. எங்கெங்கோ இருக்கும் நட்சத்திரங்கள் தற்செயலாகச் சேர்ந்து ஓர் உருவம் காட்டுமாம். வெறும் கண்ணுக்கு அவை தெரியாது, பைனாகுலரிலோ சின்னத் தொலைநோக்கியிலோதான் பிடிபடும். அப்படிப்பட்டவற்றை ஒரு பட்டியல் போட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். தை மாதத்தில் அவளுடைய இயற்பியல் ஆசிரியையின் தொலைநோக்கியில், திருவாதிரைக்குப் பக்கத்தில் யாரோ எண் எழுதியதுபோல் ‘37’ என்று ஒரு கூட்டம் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, அன்று இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை. “அம்மா, தலைகீழா இருந்துச்சு. நான் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படிச்சேன்” என்றாள். அவளுடைய அப்பா அடுத்த விடுமுறைக்கு வந்தபோது பைனாகுலர் வாங்கி வந்தார்.

அந்த ஐப்பசியில் அவள் தேடியது ஒரு ஹேங்கர். சட்டை மாட்டுகிற ஹேங்கரேதான். திருவோணத்திலிருந்து அபிஜித் பக்கமாக மூன்றில் ஒரு பங்கு தூரம் போனால், ஆறு நட்சத்திரங்கள் ஒரு கோடாகவும் நான்கு நட்சத்திரங்கள் கொக்கியாகவும் நிற்குமாம். எங்கள் வீட்டு மாடியில் தெருவிளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. அதனால் அந்தக் கண்மாய்க்குப் போனோம்.

நான் பயந்த சுபாவம் உள்ளவள். எதையும் முன்கூட்டியே பார்த்துவைக்காமல் செய்ய மாட்டேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் போய் அந்த இடத்தை நடந்து பார்த்தேன். லேசில் தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதி. கட்டாந்தரை, சீமைக்கருவேலமரங்கள், ஆட்டுப்புழுக்கை. ஒரு கல்கூடத் தடுக்காது. அதற்குப் பிறகு இரண்டு முறை இரவில் வந்து, அதே இடத்தில் நின்று, பத்திரமாகத் திரும்பியும் போனோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும், “முன்னாடியே பாத்துட்டுப் போயிருக்கக் கூடாதா?” என்று கேட்டார்கள். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

அன்று வானம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. இரண்டு நாள் முன்பு பெய்த மழை தூசியையெல்லாம் கழுவியிருந்தது. நிலா இல்லை. மகள் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி வைத்திருந்தாள். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுப்போகுமாம், மறுபடி பழக இருபது நிமிடம் ஆகுமாம். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் நோட்டுத் தெரியும், தரை தெரியாது. ஸ்கூட்டரை நிறுத்தியதும் என் போன் விளக்கைப் போடப் போனேன். “அம்மா, ப்ளீஸ்!” என்றாள். அணைத்துவிட்டேன். தெரிந்த இடம்தானே என்று நினைத்தேன்.

ஹேங்கர் கிட்டத்தட்ட உச்சிக்கு நேரே இருந்தது. அண்ணாந்து, முதுகை வளைத்துப் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டே, “அபிஜித்தை இந்த மரம் மறைக்குது, வழி புடிபட மாட்டேங்குது” என்று முனகினாள்.

நான்தான் சொன்னேன். “பின்னாடி ரெண்டு எட்டு வா.”

பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே ஒரு எட்டு வைத்தாள். இரண்டாவது எட்டும் வைத்தாள். “ஆ, வந்துருச்சு, வந்துருச்சு!” என்று அடுத்த எட்டை வைத்தாள். மண் சரிகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீரில் எதுவோ விழுந்த சத்தம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் சிரித்தேன். ஏதோ சின்னக் குழியில் கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து, “நல்லாப் பாத்த போ” என்று சிரித்தேன். பதில் வரவில்லை. போன் விளக்கைப் போட்டேன்.

எனக்கு ஆறடி தள்ளித் தரையே இல்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு, சுவர்போல நேராக வெட்டிய பள்ளம். பக்கச் சுவரில் பொக்லைன் இயந்திரத்தின் பல் தடம் வரிவரியாகத் தெரிந்தது. கிராவல் மண் அள்ளியிருக்கிறார்கள். நாங்கள் கடைசியாக வந்துபோன பிறகு, மூன்றே வாரத்துக்குள், இரவோடு இரவாக. சுற்றி ஒரு கயிறு இல்லை. ஒரு முள் இல்லை. நாலு கல்லாவது குவித்து வைக்கவில்லை.

அடியில் மழைத் தண்ணீர். அதில் மார்பளவு ஆழத்தில் என் மகள் நின்றாள். இடது கை மணிக்கட்டுக்கு மேலே ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. வலது கையால் பைனாகுலரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

“அம்மா, ஒண்ணும் ஆகல. கைதான் வலிக்குது. லைட்ட மூஞ்சியில அடிக்காத.”

நான் விளிம்பை நோக்கி ஓடினேன். என் காலடியிலிருந்து மண் உடைந்து அவள் தலைமேல் விழுந்தது. “அம்மா, கிட்ட வராத. மண்ணு விழுது, பின்னாடி போ” என்று கத்தினாள். துப்பட்டாவைக் கழற்றி, விளிம்பிலிருந்து தள்ளிப் படுத்துக்கொண்டு வீசினேன். அவள் கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஒரு கையால் எப்படி ஏறுவாள்? நான் அசையும்போதெல்லாம் ஒரு கூடை மண் உள்ளே சரிந்தது. பெற்றவள் பக்கத்தில் போனால் பிள்ளைக்கு ஆபத்து. அப்படி ஒரு நிலைமையில் நான் நிற்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். பேசிய பெண் பொறுமையாகத்தான் கேட்டார். “கண்மாயில எந்த இடம்? பக்கத்துல என்ன இருக்கு?” பக்கத்தில் கருவேலமரம் இருக்கிறது. எல்லாப் பக்கமும் கருவேலமரம்தான் இருக்கிறது. மெயின் ரோட்டுக்கு வந்துவிடுகிறோம், அங்கிருந்து வழி சொல்லுங்கள் என்றார். ரோட்டுக்கு ஓடினால் மகளைத் தனியாக விட வேண்டும். விட மனது வரவில்லை. உதவி கேட்டு அடித்தொண்டையில் கத்தினேன். ஊர்ப் பக்கம் பிள்ளைகள் வெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள். சரம் வெடிக்கிற சத்தத்தில் என் குரல் எங்கே போகும்?

கொஞ்ச நேரம் கழித்துக் கண்மாய்க் கரைமேல் ஒரு பைக் வெளிச்சம் வந்து நின்றது. இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை. ஓட்டி வந்தவருக்கு முப்பது இருக்கும்.

“யாரு அங்கிட்டு? லைட்ட அமத்துங்க மொதல்ல!” இது வெள்ளைச் சட்டைக்காரர்.

“எம் புள்ள பள்ளத்துல விழுந்துருச்சுங்க. ஓடி வாங்க, கையி ஒடஞ்சிருச்சு” என்றேன்.

வந்தார்கள், ஆனால் ஓடி வரவில்லை. விளிம்புக்குப் பத்தடி தள்ளியே நின்றார்கள். எங்கே நிற்க வேண்டும் என்பது அந்த இருட்டிலும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

“எந்த ஊரு நீங்க? இந்நேரத்துக்குப் பொம்பளைகளுக்கு இங்கிட்டு என்ன சோலி?”

“நட்சத்திரம் பாக்க வந்தோங்க.”

பைக் ஓட்டி வந்தவர் சிரித்துவிட்டார். “நட்சத்திரமாம்ணே. புள்ளைக்குப் பொருத்தம் பாக்க வந்திருப்பாங்க போல. சோசியர் வீடு ஊருக்குள்ளதான இருக்கு!”

கீழே என் மகள் தண்ணீரில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். மேலே இவர்கள் சிரிக்கிறார்கள். சற்று முன் சிரித்த என் சிரிப்பு நினைவுக்கு வந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பள்ளத்துக்குள் டார்ச் அடித்தார். வெளிச்சம் மகளின் கையில் இருந்த பைனாகுலரில் நின்றது.

“அது என்ன? கேமராவா?”

“பைனாகுலருங்க. தூரத்துல இருக்கறதப் பாக்கறது.”

“தூரத்துல இருக்கறத ஏன் பாக்கணும்? எந்தப் பேப்பர்லேர்ந்து வாரீங்க? யாரு அனுப்புனா?”

அப்போதுதான் புரிந்தது. அவர்கள் எங்களுக்கு உதவ வரவில்லை. காவலுக்கு வந்தவர்கள். கண்மாயில் இரண்டு நாளாகச் சிவப்பு வெளிச்சம் ஒன்று அலைகிறது, யாரோ ஒளிந்திருந்து லாரிகளைப் படம் பிடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தகவல் போயிருப்பது அவர்கள் பேச்சிலேயே தெரிந்தது. இரண்டு நாளாக என்பதே பொய். நாங்கள் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனசாட்சி உறுத்துகிறவனுக்கு மின்மினிகூடக் கேமராவாகத்தான் தெரியும் போலிருக்கிறது.

“போனக் குடுங்க. அழிக்க வேண்டியத அழிச்சுட்டு, அப்பறமாப் புள்ளையத் தூக்குவோம்.”

இந்த ஒரு வாக்கியத்தை நான் மறக்கவே மாட்டேன். அதட்டிச் சொல்லவில்லை. கடையில் சில்லறை கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

கொடுத்தேன். பூட்டைத் திறந்தும் கொடுத்தேன். அவர் நிதானமாக ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். என் மகள் முன்பு வந்த இரண்டு இரவுகளில் என் போனில் எடுத்த படங்கள் நாற்பது ஐம்பது இருந்தன.

“என்னம்மா இது, எல்லாம் ஒரே கறுப்பா இருக்கு?”

பள்ளத்துக்குள்ளிருந்து நடுங்கும் குரலில் என் மகள் சொன்னாள், “அது வானங்க. பெருசாக்கிப் பாருங்க.”

அவர் உண்மையிலேயே பெரிதாக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பக்கச் சுவரிலிருந்து ஒரு பெரிய கட்டி உடைந்து விழுந்தது. தண்ணீர் அலையடித்து அவள் கழுத்துவரை ஏறியது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் “அம்மா!” என்று அலறினாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். “போன வச்சுக்க. வண்டிய வச்சுக்க. எம் புள்ளைய எடுத்துக் குடுய்யா” என்றேன். வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரை ஒருமையில் பேசியது அன்றுதான். பொத்தான் அறுந்து என் கையோடு வந்தது. அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. பைக்காரர்தான் முகம் மாறிப்போய், “அண்ணே, போதும்ணே, புள்ள செத்துரப் போகுது” என்று சொல்லிவிட்டு, யாருக்கோ போன் பண்ணினார். “மிசின எடுத்துக்கிட்டு வா. ஒடனே. கேள்வி கேக்காத.”

தூரத்தில் இருந்த ஒரு பனைமரக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொக்லைன் வந்தது. அந்தப் பள்ளத்தைத் தோண்டிய அதே இயந்திரம். வருவதற்குப் பத்து நிமிடம் ஆகியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடமும் நான் விளிம்பிலிருந்து தள்ளிக் குப்புறப் படுத்து, “ஹேங்கர் தெரிஞ்சுச்சா? எத்தனை நட்சத்திரம் எண்ணுன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் மயங்கிவிடக் கூடாதே என்ற பயம். “கோடு தெரிஞ்சுச்சும்மா. கொக்கியில ரெண்டுதான் எண்ணுனேன்” என்றாள். பிறகு பதில்கள் குறைந்துகொண்டே வந்தன.

இயந்திரத்தை ஓட்டி வந்தவருக்கு என் வயது இருக்கும். தலையில் துண்டு. அவர் மட்டும்தான் வந்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இறங்கி வந்து பள்ளத்தைச் சுற்றி நடந்தார். வெள்ளைச் சட்டைக்காரர், “இங்கிட்டே நிப்பாட்டி எடுப்பா” என்று அவசரப்படுத்தினார்.

“அங்கிட்டு நிப்பாட்டுனா கரை இடிஞ்சு புள்ள மேல விழுந்துரும்ணே. வடக்கால பாறை கிடக்கு, அதுதான் தாங்கும். நான் தோண்டுன பள்ளம், எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். பள்ளத்துக்குள் குனிந்து, “ஆத்தா, பயப்படாத. பக்கெட்டு ஒன் இடுப்புக்கு நேரா வந்து நிக்கும். நான் சொல்றப்ப உள்ள சாஞ்சுக்க. பல்லுல மட்டும் கைய வச்சிராத” என்றார்.

அவ்வளவு பெரிய இரும்புக் கை, தட்டில் சோறு வைப்பதுபோல் மெதுவாக இறங்கியது. அவள் வயிற்றைப் பதித்து, ஒரு கையால் ஊன்றி, உள்ளே சுருண்டுகொண்டாள். சேற்றுத் தண்ணீர் ஒழுக ஒழுக மேலே வந்தாள். என் மடியில் அவளை வாங்கிக்கொண்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அடுத்து நான் செய்ததுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அந்த மூன்று பேரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். “நீங்க நல்லா இருப்பீங்க” என்றேன். மூன்று பேரையும்! இயந்திரம் ஓட்டியவரைக் கும்பிட்டதற்கு எனக்கு வருத்தம் இல்லை. அவரும் கூலிக்குத் தோண்டியவர்தான், ஆனாலும் அன்று என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர். இன்றும் அவரைத் திட்டுவதா வாழ்த்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கொடுத்த வாழ்த்தைத்தான் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும்.

அவர்தான் போனைத் திருப்பித் தந்துகொண்டே சொன்னார். “புள்ள நல்லபடியா வந்துருச்சுல்ல, அத்தோட விடுங்க. வெளிய பேசிக்கிட்டுத் திரியாதீங்க. பொம்பளப் புள்ள, ஊருல நாலு விதமாப் பேசுவாங்க.” அக்கறைபோலத்தான் சொன்னார். மிரட்டலை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பைக்காரர் ரோட்டுக்குப் போய் ஆம்புலன்ஸைக் கூட்டி வந்தார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. கட்டுப் போட்டு ஆறு வாரம்.

வெள்ளைச் சட்டைக்காரர் சொன்னதுபோலவே நாலு விதமாகப் பேசினார்கள். பேசியவர்கள் எங்கள் உறவுக்காரர்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து, “இருட்டுல வயசுப் புள்ளைய அங்கிட்டெல்லாம் கூட்டிட்டுப் போவாங்களா?” என்றார்கள். என் நாத்தனார், “நட்சத்திரம் எங்க போயிரப் போகுது, கல்யாணம் பண்ணி அவ மாப்பிள்ளையோட பாக்கட்டும்” என்றார். கணவர் போனில், “நான் அந்தப் பைனாகுலர வாங்கிட்டு வந்ததுதான் தப்பு” என்று அழுதார். பைனாகுலர் தப்பு, இருட்டுத் தப்பு, நான் தப்பு. அந்தப் பள்ளத்தைத் தோண்டச் சொன்னது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் தப்பை நான் ஒருநாளும் மறுக்கவில்லை. தரையில் வெளிச்சம் அடித்துப் பார்க்காமல் பின்னால் வா என்று சொன்னவள் நான்தான். அதற்காக இன்றும் தூக்கத்தில் விழித்துக்கொள்கிறேன். ஆனால் கண்மாய்க்கு நடுவில் அந்தப் பள்ளத்தை நான் வைக்கவில்லை.

மகளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் உட்கார்ந்து மனு எழுதினேன். இடம், ஆழம், நடந்தது எல்லாம் எழுதி, தாலுகா அலுவலகத்தில் நேரில் கொடுத்தேன். “ஆள் வரும்மா” என்றார்கள். தினமும் போன் பண்ணினேன். தினமும் வரும் என்றார்கள். இடையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் விடாமல் பெய்தது. கண்மாய் நிறைகிறது என்று ஊரே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அந்தப் பள்ளம்தான் நினைவில் இருந்தது. தண்ணீர் வந்தால் குளிக்கப் பிள்ளைகள் வரும். மாடு குளிப்பாட்ட ஆட்கள் வருவார்கள்.

மழை விட்டபிறகு ஒருநாள் காலை, ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நானும் மகளும் போய்க் காத்திருந்தோம். கட்டுப் போட்ட கையோடு அவளும் வருவேன் என்று அடம் பிடித்தாள். பதினொரு மணிக்கு அவர் வந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மகளின் கையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு கண்மாயைப் பார்த்தார். அன்று இரவு நாங்கள் நின்ற மேட்டுப் பகுதியும் முழங்கால் தண்ணீரில் மூழ்கியிருந்தது. ஒரே மட்டமாக, அமைதியாக, பழுப்பாகப் பரந்து கிடந்தது.

“எங்கம்மா பள்ளம்? ஒண்ணும் தெரியலயே” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட்டை மடித்து விட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தார்.

“சார், நில்லுங்க! நில்லுங்க சார்!” என்று என் மகள் கத்திய கத்தலில் கரையில் மேய்ந்த ஆடுகள் மிரண்டு ஓடின. அவர் அப்படியே நின்றுவிட்டார். நான் ஒரு நீளமான கருவேலங்கொம்பை எடுத்துக்கொண்டு, தடவித் தடவி அவர் பக்கத்தில் போய், அவர் கால் விரலுக்கு ஒரு முழம் முன்னால் ஊன்றினேன். கொம்பு முழுவதும் உள்ளே போயிற்று. என் கையும் தோள்வரை போயிற்று. அடி தட்டவில்லை.

அவர் முகம் வெளுத்துப்போனது. பின்வாங்கி நடந்து வந்து கரையில் உட்கார்ந்தார். என் மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தார். இனி இவர் எழுதிவிடுவார், இன்று மாலைக்குள் இங்கே ஒரு வேலியாவது வந்துவிடும் என்று நான் நம்பினேன். அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பிறகு மூடி போட்டுப் பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்.

“தண்ணி நிக்கிறப்ப பள்ளம்னு எப்படிம்மா எழுதறது? எல்லாம் ஒரே மட்டமால்ல இருக்கு. சித்திரையில வத்துனப்பறம் வந்து அளந்து எழுதிக்கிறேன். அதுவரைக்கும் புள்ளைய இங்கிட்டுக் கூட்டியாராதீங்க.”

இருட்டில் பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று இன்றும் யாராவது என்னிடம் கேட்டால், பட்டப்பகலில் தன் காலடியில் இருந்த பள்ளத்தைக் கண்டபிறகும் அதை எழுதாமல் போனவருக்கு அங்கே என்ன வேலை என்று திருப்பிக் கேட்கத்தான் எனக்கு வாய் வருகிறது.